வரைகலை அட்டை: சொல்லும் பொருத்தமும்

கீழக்கரையில் கல்யாண வீடியோ தொகுக்கிறவருக்கும் ராமநாதபுரத்தில் ஃபிளெக்ஸ் வடிவமைக்கிறவருக்கும் அது 'கிராபிக்ஸ் கார்டு'. திரையில் தெரிய வேண்டிய படத்தைக் கணக்கிட்டு அனுப்பும் தனிப் பலகை. தமிழில் வரைகலை அட்டை. சின்ன சிஸ்டத்துக்குள் பொருந்தும் அட்டையைத் தேடுகிறவர் எதிர்கொள்ளும் சொற்களை இங்கே பார்ப்போம்.

கிரேக்கத்தில் 'கிராஃபெயின்' என்றால் கீறுதல், எழுதுதல், வரைதல் எல்லாம்தான். நம் 'எழுது'வும் அப்படியே. கண்ணுக்கு மை எழுதுகிறோம். பழந்தமிழில் ஓவியத்தையும் எழுதத்தான் செய்தார்கள். 'வரைகலை' வினைத்தொகை: வரைந்த, வரைகிற, வரையும் கலை. நொடிக்கு அறுபது தடவை படத்தைப் புதிதாக வரைந்துகொண்டே இருக்கும் கருவிக்கு, முக்காலமும் அடங்கிய இந்தச் சொல்லை விடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. 'வரைவியல்' என்றும் எழுதுகிறார்கள். ஆனால் 'இயல்' என்றதும் படிப்புத் துறையின் வாடை வந்துவிடுகிறது.

'கார்டு' பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு 'அட்டை' சரியான இணை. ஒன்று மட்டும்: எங்கள் கரையில் அட்டை என்று மொட்டையாகச் சொன்னால் கடலட்டைதான் நினைவுக்கு வரும், 2001 முதல் பிடிக்கத் தடை உள்ள அதே உயிர். எனவே 'வரைகலை' என்ற முன்சொல்லை விடக்கூடாது.

ஜிபியு வேறு, அட்டை வேறு. ஜிபியு என்பது வரைகலைச் செயலி, அதாவது சில்லு. 1999இல் வந்த ஜிஃபோர்ஸ் 256 சில்லை விற்கும்போது என்விடியா நிறுவனம் அந்தப் பெயரைப் பரப்பியது. அந்தச் சில்லும், அதற்கான நினைவகமும், விசிறியும் ஏறிய பலகைதான் அட்டை. அலுவலகங்கள் கழித்துவிடும் சின்ன சிஸ்டங்கள் பலவற்றில் வரைகலைச் செயலி முதன்மைச் செயலிக்கு உள்ளேயே இருக்கும், தனி அட்டை இருக்காது. அதனால்தான் அந்தச் சின்னப் பெட்டிக்குள் நுழையும் அட்டையைத் தேடுகிறோம்.

தேடும்போது குழப்புகிற சொல் 'லோ புரொஃபைல்'. இத்தாலிய 'புரொஃபிலோ'விலிருந்து வந்தது. உள்ளே இருப்பது நூல் என்று பொருள்படும் லத்தீன் வேர். நூல் பிடித்தாற்போல் ஒரு பொருளின் ஓரக்கோட்டை வரைவது, பக்கவாட்டுத் தோற்றம். பலர் இதைக் குறைந்த மின்சாரம், குறைந்த தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உயரத்தைத் தவிர வேறு எதையும் இது சொல்லவில்லை. முழு உயர அட்டை சுமார் 111 மி.மீ., இது சுமார் 69 மி.மீ. 'குட்டை வரைகலை அட்டை' என்றால் யாருக்கும் ஐயம் வராது.

துபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லிவிடும் கீழக்கரைப் பையனுக்கு இது சொல்லாராய்ச்சி மட்டும் அல்ல. வந்து இறங்கிய அட்டை சிஸ்டத்தின் பெட்டிக்குள் நுழையாவிட்டால் திருப்பி அனுப்ப வழி ஏது?

அடுத்து 'கம்பேட்டிபிள்'. லத்தீனில் சேர்ந்து தாங்குதல், சேர்ந்து துன்புறுதல் என்ற பொருளில் பிறந்தது. 'ஒத்தியல்பு', 'இணக்கம்' இரண்டும் எழுத்தில் உண்டு. நான் 'பொருத்தம்' என்பேன். ஒன்றுக்குள் ஒன்று உட்காருவதையும் ஒத்துப்போவதையும் 'பொருந்து' என்ற ஒரே வினை சொல்லிவிடுகிறது. நமக்குத் தேவையும் அந்த இரண்டும்தான். உட்காருவதற்கு உயரம், நீளம், ஒரு ஸ்லாட்டை (அட்டை செருகும் இடம்) அடைக்குமா, இரண்டையா என்ற தடிமன். ஒத்துப்போவதற்கு மின்சாரம்.

சின்ன சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 200 வாட் அளவில்தான் இருக்கும், அட்டைக்கெனத் தனி வயர் வராது. அட்டையைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும்; அதற்குள் அடங்க வேண்டும். அட்டை மாடல்களில் ஜிடி 1030க்கு 30 வாட், ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகைக்கு 70 வாட். 53 வாட் ஆர்எக்ஸ் 6400ம் அடங்கும். ஆனால் அது ஸ்லாட்டில் தரவு போகும் தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துவதால் மூன்றாம் தலைமுறை ஸ்லாட் உள்ள பழைய தாய்ப்பலகையில் வேகம் குறையும். தொகுத்த வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் வன்பொருளும் அதில் கிடையாது. தொகுப்பு வேலைக்கு வேண்டாம். உள்ளங்கை அளவு மினி சிஸ்டம் என்றால் பெரும்பாலும் ஸ்லாட்டே இருக்காது.

வடகடலும் தென்கடலும் இருபுறமும் கிடக்கும் மண்டபம், பாம்பன் பக்கம் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். விசிறி அந்தக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். வேலை லேசானது என்றால் விசிறி இல்லாத ஜிடி 1030 நல்ல தேர்வு.

அப்புறம், குட்டை அட்டையை, சிஸ்டத்தின் பின்புறத்தில் திருகும் உலோகப் பட்டையை மட்டும் முழு உயரத்தில் மாட்டியே விற்பதுண்டு. குட்டைப் பட்டையும் அட்டை வரும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று மச்சானைக் கடையிலேயே கேட்கச் சொல்லுங்கள்.