ரெஃபரல்: பரிந்துரையா, ஆற்றுப்படுத்தலா?

குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றின் பங்குக் கூடத்தில், குடியும் பிற போதைப் பழக்கமும் உள்ளவர்களை முன்கூட்டியே இனங்கண்டு மருத்துவத்துக்கு அனுப்புவதற்கான முகாம் ஒன்று சென்ற ஆண்டு நடந்தது. கேள்விப் படிவத்தை வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டும் வேலை எனக்கு. படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ‘சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். மகனை அழைத்து வந்திருந்த வயதான அம்மா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, “மக்களே, பரிந்துரைன்னா சிபாரிசுதானே? அவனுக்கு வேலை ஏதும் போட்டுக் குடுப்பினுமா?” என்றார். உடனிருந்த தொண்டர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் அந்த அம்மாவின் தமிழில் பிழை எதுவும் இல்லை. பிழை படிவத்தில் இருந்தது: ஒருவரைத் தக்க சிகிச்சைக்கு அனுப்பி வைப்பதைக் குறிக்கும் ‘ரெஃபரல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே பரிந்துரை என்று போட்டிருந்தார்கள். அதே பிழையை அதன்பின் இந்த மாவட்டத்தில் மேலும் மூன்று துண்டறிக்கைகளில் பார்த்துவிட்ட பிறகே இதை எழுத உட்கார்ந்தேன்.

‘ரெஃபர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். ‘ரே’ என்றால் மீண்டும் அல்லது பின்னோக்கி. ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து செல்லுதல். ஒன்றை அதற்குரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது என்பதோடு வேராராய்ச்சியை நிறுத்திக்கொள்ளலாம். போதைப் பழக்கத் துறையில் அச்சொல்லுக்குத் திட்டமான இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ‘ஆடிட்’ என்னும் மதுப்பழக்க வினாத்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் எச்சரிக்கை. அந்த நிலையில் உள்ளவரோடு சில நிமிடம் உட்கார்ந்து பேசினாலே பயன் இருக்கும். 20-ஐத் தொட்டால் பேச்சு மட்டும் போதாது. துறை அறிந்த மருத்துவரிடம் அவர் போய்ச் சேர வேண்டும். இந்தப் ‘போய்ச் சேர்’தலுக்கு வழி செய்வதே ரெஃபரல்.

இனி ‘பரிந்துரை’க்கு வருகிறேன். பரிதல் என்றால் அன்பு கொள்ளுதல், இரங்குதல். ஒருவருக்காகப் பரிந்து பேசுவது என்பது, அவர் சார்பில், பெரும்பாலும் அவர் இல்லாத இடத்தில், மேலிடத்தில் இருக்கும் ஒருவரிடம் நல்ல வார்த்தை சொல்வது. அழகான சொல்தான், வேலைக்கும் விருதுக்கும் அது பொருந்தும், ஒரு குழு அரசுக்குத் தன் கருத்துகளை அளிப்பதற்கும் பொருந்தும். நோயாளி விஷயத்தில் அது மூன்று வகையில் இடறுகிறது. முதலாவது, மருத்துவர் எழுதித் தரும் மருந்தையும் நாம் ‘பரிந்துரைத்த மருந்து’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம்; மேலே சொன்ன படிவத்தின் ஒரே பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்பட்ட மருந்து’, ‘பரிந்துரைக்கப்பட்ட மையம்’, ‘பரிந்துரைக்கப்பட்டவர்’ என மூன்றும் இருந்தன, மூன்றுக்கும் பொருள் வேறு. இரண்டாவது, உரைத்ததோடு அந்த வினை முடிந்துவிடுகிறது. ‘பரிந்துரைத்தேன்’ என்று ஓர் ஊழியர் எழுதிவிட்டால் அவர் கடமை தீர்ந்தது. ஆள் போனாரா, வாசலிலிருந்து திரும்பிவிட்டாரா என்ற கேள்விக்கு அச்சொல்லுக்குள் இடமே இல்லை. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்திருந்தார். சொல்வதற்கும் சேர்வதற்கும் நடுவில் இத்தனை தூரம் கிடக்கும் துறையில், சொல்வதோடு நின்றுவிடும் ஒரு சொல்லைத் தலைப்பாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாவதே பெரிய குறை. பரிந்துரை என்பது இரண்டு பேர் மூன்றாமவரைப் பற்றிப் பேசுவது. அதில் நோயாளி ‘அவர்’ ஆகிவிடுகிறார். குடியை விடலாமா வேண்டாமா என்று தனக்குள் தத்தளித்துக்கொண்டிருக்கும் ஒருவரை, அவர் காதுபடவே ‘அவர்’ ஆக்கிவிட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து போய்விடுவார் என்பது இந்த முகாம்களில் ஒரு நாள் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும்.

மக்கள் வாயில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ கேட்டால், “ஆசாரிப்பள்ளத்துக்கு எழுதிக் குடுத்திட்டாவ” என்பார்கள்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் இடம் அது. எழுதிக் கொடுத்தல் என்றாலே ரெஃபரல் என்று ஊருக்கு விளங்கும். நாளிதழ்கள் ‘மேல்சிகிச்சைக்காக அனுப்பி வைக்கப்பட்டார்’ என்று எழுதுகின்றன. இரண்டும் பரிந்துரையைவிட நூறு மடங்கு மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஆயினும் ‘எழுதிக் கொடுத்தல்’ தாளோடு நின்றுவிடுகிறது. ‘மேல்சிகிச்சை’ என்பதில், சிறிய மருத்துவமனையிலிருந்து பெரியதற்கு ஏறிப் போவது என்ற பொருள் தொக்கி நிற்கிறது. குடியிலிருந்து மீள்பவர் போக வேண்டிய இடமோ சில வேளை பெரிய மருத்துவமனை, சில வேளை பக்கத்துத் தெருவில் மாலை ஆறு மணிக்குக் கூடும் குடிநோயாளர் குழு.

நான் முன்வைக்கும் சொல் ஆற்றுப்படுத்தல். ஆறு என்றால் வழி. வழியில் செலுத்துதல் ஆற்றுப்படுத்தல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதைப் பள்ளியில் படிக்காதவர் இல்லை. அதன் இலக்கணத்தைத் தொல்காப்பியம் ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்று சொல்கிறது. ஒரு வள்ளலிடம் தான் பெற்றதை, இன்னும் பெறாதவனை வழியில் கண்டு, அவனுக்கு அறிவித்து, அந்த வள்ளலிடம் செல்லச் சொல்வது. வறுமையில் வாடிய பாணனுக்கு வழிகாட்டுபவன் ஓர் அதிகாரி அல்லன். நேற்றுவரை அதே வறுமையில் கிடந்த இன்னொரு பாணன். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு இன்றுவரை செய்துவருவது இதுவே: குடியை விட்டவர், விடாதவரைத் தேடிப்போய்த் தன் கதையைச் சொல்வது. நம்மிடம் ஓர் இலக்கிய வகையாகவே இருக்கும் செயலுக்கு நாம் சிபாரிசின் பெயரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் இரண்டு பொருத்தங்கள் உண்டு. ஆற்றுப்படையில் பேச்சு முன்னிலையில் நடக்கிறது. எதிரே நிற்பவன் ‘நீ’, அவனிடமே எல்லாம் சொல்லப்படுகிறது. அடுத்து, வழியின் இடர்கள் மறைக்கப்படுவதில்லை. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், நன்னன் என்னும் வள்ளலிடம் போகும் கூத்தருக்குப் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு ஒடுங்கும் குழி எங்கே, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எந்தப் பக்கம் வரும் என்றெல்லாம் எச்சரித்து, இரவு எங்கே தங்கலாம், என்ன உணவு கிடைக்கும் என்றும் சொல்கிறது. நாள்தோறும் குடித்தவர் ஒருவர் முகாமில் கேட்ட பேச்சின் வேகத்தில் அன்றே அடியோடு நிறுத்தினால், கைநடுக்கத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் வரக்கூடும். அதனால் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். இதைச் சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டுவது, பொறி இருக்கும் இடத்தைச் சொல்லாமல் மலைக்கு அனுப்புவதற்குச் சமம்.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. ஆற்றுப்படுத்துநர் என்பது மனநல ஆலோசனை தரும் கவுன்சிலருக்கு உரிய சொல், அரசின் குழந்தைப் பாதுகாப்பு அலுவலக அறிவிப்புகளிலேயே அப்படித்தான் வருகிறது, ஈழத்திலும் அப்படியே வழங்குகிறது என்றார் நண்பர் ஒருவர். உண்மைதான். ஆனால் அவ்வழக்கு வேரூன்றியதில் ‘ஆறுதல்’, ‘துயர் ஆற்றுதல்’ ஆகியவற்றின் ஒலிக்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. மனத்தை ஆற்றுபவர் ஆற்றுப்படுத்துநர் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். சொல்லின் நடுவில் வரும் இரட்டை றகரம், ஆற்றுமணல் என்பதில் போல, ‘ஆறு’ என்னும் பெயர்ச்சொல் புணர்ச்சியில் இரட்டித்ததால் வந்தது. ஆறுதலோடு அதற்கு உறவில்லை. கவுன்சிலிங்குக்கு உளவளத்துணை என்ற நல்ல சொல் ஈழத்திலேயே இருக்கிறது. அரசு ஆவணத்தில் ஏறிவிட்டதை இறக்க முடியாது என்றால், வேற்றுமை உருபைக் கொண்டு பிரித்துக்கொள்ளலாம்: ஒருவரை ஆற்றுப்படுத்துவது கவுன்சிலிங்காக இருந்துவிட்டுப் போகட்டும், ஒருவரைச் சிகிச்சைக்கு ஆற்றுப்படுத்துவது ரெஃபரல். ‘கு’ வந்தால் வழி வந்துவிட்டது. இன்னொரு எதிர்ப்பு குழித்துறைக்காரர் ஒருவருடையது. “ஆத்துல தள்ளி விடுற காரியமா?” என்று கேட்டார். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை.

துண்டறிக்கைகளில் வேறு கோளாறுகளும் இருந்தன. பழக்கம் உள்ளவர்களை முன்கூட்டியே இனங்காணும் ஸ்கிரீனிங்கைத் ‘திரையிடல்’ என்று ஒன்றில் போட்டிருந்தார்கள். ‘மதுப்பழக்கத் திரையிடல், மாலை 4 மணி’ என்ற சுவரொட்டியைப் பார்த்துப் படம் போடுவார்கள் என்று சிறுவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆங்கிலச் சொல்லில் இருப்பது சல்லடை. சலித்தறிதல் என்றால் வீட்டில் மாவு சலிக்கும் எவருக்கும் புரியும். மற்றொன்றில் ‘வல்னரபிள் அடல்ட்ஸ்’ என்பதற்குப் ‘பாதிக்கப்படக்கூடிய வயது வந்தோர்’. நலிந்தோர் என்ற ஒரு சொல் செய்யும் வேலைக்கு மூன்று சொற்கள், அவற்றிலும் ‘வயது வந்தோர்’ என்பதை வாசித்தால் நம் ஊரில் வாக்குரிமையோ திரைப்படத் தணிக்கையோதான் நினைவுக்கு வரும். இவற்றை எழுதுவோர் ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி முதல் வரியில் கண்டதை எடுத்துக்கொள்கிறார்கள். படிவம் யார் கையில் போகிறது, ரப்பர் பால் வெட்டிவிட்டு வருபவரா, கடலிலிருந்து கரையேறியவரா என்று ஒரு கணம் நினைத்தால் பாதிச் சொற்கள் தாமே மாறிவிடும்.

படிவத்தைத் திருத்தித் தரும்படி கேட்டபோது கடைசிக் கட்டத்தில் ‘சிகிச்சைக்கு ஆற்றுப்படுத்திய இடம்’ என்று எழுதி, அதன் கீழே ‘உடன் செல்பவர்’, ‘சேர்ந்த நாள்’ என்று இரண்டு வரிகள் சேர்த்தேன். கையில் கொடுக்கும் தாளுக்கு ‘வழிச்சீட்டு’ என்று பெயர் வைத்தோம். அச்சகத்தில் இது பேருந்துக்கா என்று கேட்டார்கள். சீட்டின் பின்புறத்தில் எந்தப் பேருந்தில் ஏறி எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்றும் அச்சிடச் சொல்லியிருந்ததால், ஓரளவு ஆம் என்றேன்.