பழைய பலகைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு

டெக்சாஸில் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில். இங்கே அடிக்கடி கேட்கப்படுவது ரான்ச் பாணி, அதாவது மாட்டுப் பண்ணை வீட்டின் சாயல்: வெயிலில் வெளுத்த பலகைச் சுவர், வண்டிச் சக்கரத்தில் செய்த தொங்குவிளக்கு, மாட்டுத்தோல் விரிப்பு, கணப்படுப்புக்கு மேலே லாங்ஹார்ன் மாட்டின் கொம்பு. எனக்கும் பிடித்த பாணிதான். ஆனால் அந்தப் பழைய பலகை எங்கிருந்து வந்தது என்று பலரும் விசாரிப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். இடித்த கொட்டகை ஒன்றிலிருந்து வாங்கிய பலகைகளை வீட்டுக்காரர் கார் நிறுத்துமிடத்தில் வைத்து இயந்திரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் செந்தூள். அவருடைய இரண்டு வயது மகள் அதில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். அளவெடுப்பதை விட்டுவிட்டு, முதலில் குழந்தையின் கையைக் கழுவச் சொன்னேன்.

கொட்டகைகளின் சிவப்புக்குக் காரணம் பெரும்பாலும் மலிவான இரும்பு ஆக்சைடு. அதைப் பற்றிக் கவலையில்லை. அதற்கு மேல் பின்னாளில் ஏறிய பூச்சுகள்தான் சிக்கல். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978இல்தான். பலகையில் ஒட்டிக் கிடக்கும் ஈயம், தேய்த்ததும் தூளாகிக் காற்றில் பறக்கும். குழந்தைகளின் கை வழியே வாய்க்குள் போகும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் இல்லை. கடையில் விற்கும் சோதனைக் குச்சி 'இல்லை' என்று காட்டினாலும் நான் நம்புவதில்லை. பூச்சுத் துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவேன். அந்த வீட்டுப் பலகையில் ஈயம் இருந்தது. குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் நல்லவேளையாகப் பயப்படும்படி எதுவும் வரவில்லை.

பெயின்ட் இல்லாத பலகையா? உளுத்திருக்கிறதா என்று பாருங்கள். குண்டூசி முனையால் குத்தியதுபோலத் துளைகள் இருக்கும். காலையில் பெருக்கிய இடத்தில் மறுபடி மாவாகக் கொட்டிக் கிடந்தால் உள்ளே புழு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. "சூளையில் உலர்த்தியதா?" என்று விற்பவரைக் கேளுங்கள். "வெயிலில் நன்றாகக் காய்ந்தது" என்பார். அது பதில் ஆகாது, சூளையின் சூடுதான் உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும்.

சரக்கு அடுக்கும் பேலட் பலகையில் முத்திரை இருக்கும். ஹெச்.டி. (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவைச் செலுத்தியது, தொடவே வேண்டாம். ரயில் தண்டவாளக் கட்டைகளில், மரம் கெடாமலிருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும், அவையும் வீட்டுக்குள் ஆகாது.

சக்கர விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 50 பவுண்டை, அதாவது சுமார் 23 கிலோவைத் தாண்டினால், அந்த எடைக்கென்றே செய்த கூரை மின்பெட்டி இல்லாதபோது விளக்கைத் தனியாகத் தாங்க வேண்டும் என்பது இங்குள்ள மின் விதி. கூரைச் சட்டத்தில் மாட்டுங்கள்.

அந்த வீட்டுச் சுவரில் இப்போது இருப்பது புது பைன் பலகை. கடுந்தேநீரை ஒரு கை பூசிக் காயவிட்டு, எஃகுக் கம்பளி (மெல்லிய இரும்பு நார்ச் சுருள்) ஊறிய வினிகரை மேலே தடவினோம். கண் முன்னாலேயே நரைத்தது. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்துதான் இந்த நரை வருகிறது; பைனில் அது குறைவு என்பதால்தான் தேநீர். நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் ஊறவைக்கும் ஜாடியின் மூடியை இறுக்கிவிடாதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் உண்டாகும்.