லிம்ஃபோசைட் 9 சதவீதம்

காரைக்குடியில் ஐயா (தாத்தா) வைரஸ் நிமோனியாவோடு படுத்திருந்தபோது, லேப் ரிப்போர்ட்டில் நான் பார்த்தது ஒரே வரி: வெள்ளை அணுக்கள் 7,200. நார்மல்தான் என்று ஆயாவிடம் (பாட்டியிடம்) சொல்லியும் விட்டேன். டாக்டர் அந்த வரியில் நிற்கவே இல்லை, கீழே விரலை வைத்தார். வெள்ளை அணுக்களை வகை பிரித்த கணக்கு அது: நியூட்ரோஃபில் 86 சதவீதம், லிம்ஃபோசைட் 9. "இதத்தான் பாக்கணும் தம்பி."

7,200-ல் 9 சதவீதம் என்றால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 650 கூட இல்லை. பெரியவர்களுக்கு ஆயிரமாவது இருக்க வேண்டும். நியூட்ரோஃபில் பெருகி அந்தப் பள்ளத்தை மூடியதால்தான் மொத்தக் கணக்கு ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது.

நியூட்ரோஃபில் முதலில் ஓடி வருகிற கூட்டம். வந்த வேகத்தில் அது கக்கும் நொதிகள் நுரையீரலின் மெல்லிய காற்றறைகளையும் சேர்த்தே புண்ணாக்கும். வைரஸோ நம் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. எந்தச் செல்லுக்குள் என்று கண்டுபிடித்து அந்தச் செல்லையே கொல்வது லிம்ஃபோசைட் வகையைச் சேர்ந்த சிடி8 டி செல்லின் வேலை. 2013-ல் சீனாவில் எச்7என்9 பறவைக் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களை ஆராய்ந்தபோது, சீக்கிரம் தேறி வீடு திரும்பியவர்களிடம் இந்த சிடி8 செல்கள் முன்கூட்டியே எழும்பியிருந்தன, இறந்தவர்களிடம் அந்த எழுச்சி அநேகமாக இல்லை. கோவிட் காலத்திலும் லிம்ஃபோசைட் வெகுவாகக் குறைந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் நோய் கடுமையானது.

சரி, ரத்தத்தில் குறைந்துபோன லிம்ஃபோசைட்டுகள் எங்கே போயின? ஒரு பகுதி செத்திருக்கும். இன்னொரு பகுதி ரத்தத்தை விட்டு நுரையீரலுக்குள்ளேயே இறங்கியிருக்கும். எங்கள் பக்கம் முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்பு என்றால் சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பங்காளிகள் வந்து, வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டின் வளவு நிறைந்துவிடும். அந்த நேரத்தில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று தலையை எண்ணினால் வீட்டுக்குள் எத்தனை பேர் என்று தெரியுமா? ரத்தப் பரிசோதனையும் பஸ் ஸ்டாண்டில் எண்ணுகிற கணக்குதான். அதனால் ஒரு நாள் எண்ணை வைத்துக்கொண்டு ஆள் பிழைப்பாரா என்று ஜோசியம் சொல்ல முடியாது (நான் அன்று ராத்திரி செல்போனில் தேடித் தேடி அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்). வயசு, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை எல்லாவற்றோடும் சேர்த்து, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதில் வீக்கத்தை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து வேறு குழப்பும். ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று 2020-ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் அதே மருந்து ரத்தத்தில் நியூட்ரோஃபிலைக் கூட்டும், லிம்ஃபோசைட்டைக் குறைக்கும். மருந்து போட்ட மறுநாள் எண் மோசமானால் நோய் மோசமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஐயாவுக்கும் ஸ்டீராய்டு போய்க்கொண்டுதான் இருந்தது. நாலாம் நாள் ரிப்போர்ட்டில் மொத்தம் 8,000, லிம்ஃபோசைட் 17 சதவீதம், அதாவது 1,360. மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது, ஆக்சிஜன் மாஸ்க்கும் அப்படியே இருந்தது. "ஸ்டீராய்டையும் மீறி ஏறியிருக்கே" என்றார் டாக்டர். ஆக்சிஜனைக் குறைத்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.