நியூஸ் சர்வர் மீட்பு: எண் பின்னோக்கிப் போகக் கூடாது

பெங்களூரில் ஏப்ரல், மே மாத மழை இடியோடுதான் வரும். கரண்ட் போகும். யுபிஎஸ் பேட்டரி பழசாகியிருந்தால் சர்வரும் அப்படியே அணையும். சாதாரண வெப் சர்வர் என்றால் மறுபடி பவர் போட்டதும் பெரும்பாலும் எழுந்துவிடும். விவாதக் குழுக்களைத் தாங்கும் நியூஸ் சர்வர் அப்படி இல்லை. எழுந்தது போலத் தெரியும், ஆனால் உள்ளே கணக்கு பிசகியிருக்கும். அந்தப் பிசகு மூன்று நாள் கழித்து, "புது இடுகை எதுவுமே வரவில்லையே" என்று வாசகர் கேட்கும்போதுதான் தெரியவரும்.

கல்லூரி ஆய்வகத்திலோ அலுவலக உள்வலையிலோ ஐஎன்என் என்ற நியூஸ் சர்வர் மென்பொருளை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல சர்வர்கள் தமக்குள் இடுகைகளைப் பரிமாறிக்கொள்ளும் விவாதக் குழு வலையான யூஸ்நெட்டிலிருந்து புதிய இடுகைகளைச் சேர்ப்பதை கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22-ல் நிறுத்திவிட்டது. சாக்.கல்ச்சர்.தமிழ் போன்ற குழுக்களில் அதற்குப் பின் எழுதப்படுவதெல்லாம், யாரோ பொறுப்பாக நடத்தும் இத்தகைய சர்வர்களின் டிஸ்க்கில்தான் இருக்கிறது. உள்ளூர்க் குழுக்களுக்கோ வேறு பிரதியே கிடையாது.

முதலில் எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று பார்ப்போம். இடுகைகள் இருக்கும் இடம் ஸ்பூல். எந்த மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு இடுகைக்கும் உரிய தனி அடையாளம்) ஏற்கெனவே வந்துவிட்டது, அது ஸ்பூலில் எங்கே கிடக்கிறது என்று சொல்வது ஹிஸ்டரி. குழுவுக்குள் இன்ன எண் கொண்ட இடுகையின் தலைப்பு, எழுதியவர், தேதி என்ன என்று சொல்வது ஓவர்வியூ. குழுக்களின் பட்டியலும் ஒவ்வொன்றிலும் கடைசியாகக் கொடுத்த எண்ணும் இருப்பது ஆக்டிவ். ஹிஸ்டரியையும் ஓவர்வியூவையும் ஸ்பூலிலிருந்து திரும்பக் கட்டிவிடலாம். ஒவ்வொரு இடுகையின் எக்ஸ்ரெஃப் தலைப்பு வரியிலும் அதன் குழுவும் எண்ணும் பதிந்திருப்பதே காரணம். ஆக்டிவை அப்படி முழுசாகக் கட்ட முடியாது. பழைய இடுகைகள் காலாவதியாகிப் போன குழுவில், கடைசியாகக் கொடுத்த எண் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது.

ஆக்டிவின் ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழுவின் பெயர், பிறகு 0000048210 என்று பத்து இலக்க உச்ச எண், பிறகு 0000031007 என்று அடி எண், கடைசியில் பதிவிட அனுமதி உண்டா என்று சொல்லும் ஓர் எழுத்து. அவ்வளவுதான். ஆனால் வாசகரின் கணினியில் "இந்தக் குழுவில் 48210 வரை படித்தாயிற்று" என்று குறித்து வைத்திருக்கும். நேற்று இரவு எடுத்த பழைய ஆக்டிவை நீங்கள் திரும்ப வைத்தால் உச்ச எண் 47950-க்கு இறங்கிவிடும். அடுத்து வரும் 260 இடுகைகளும் அந்த வாசகருக்கு "ஏற்கெனவே படித்தவை" ஆகிவிடும். அவர் கண்ணில் படவே படாது. ஒரு பிழைச் செய்தியும் வராது. நியூஸ் சர்வர் மீட்பில் நடக்கும் தவறுகளில் மிக மோசமானது இதுதான் என்பேன்.

ஆகவே உச்ச எண்ணை மேலே தள்ளித்தான் வைக்க வேண்டும். ஒரு குழுவுக்கு நாளைக்கு 300 இடுகை வரும், கையில் இருப்பது ஒரு நாள் பழைய பிரதி என்றால் 1000 கூட்டிவிடுங்கள். எண்களில் இடைவெளி விழுவதை நெறிமுறை அனுமதிக்கிறது, வாசக மென்பொருளும் பொருட்படுத்தாது. மேல் வரம்பு 2,147,483,647, ஆகவே தாராளமாகவே தள்ளலாம். ஐஎன்என்-இன் முக்கிய சேவை நிரலான ஐஎன்என்டி ஓடாத நேரத்தில்தான் இந்த ஃபைலைத் தொட வேண்டும். இலக்கங்கள் பத்தும் குறையாமல் இருக்கட்டும். திடீரென அணைந்த சர்வரில் பழைய பிரதி எதையும் வைக்காவிட்டாலும் இதைச் சரிபாருங்கள். வழக்கமான அமைப்பில் 10 இடுகைக்கு ஒருமுறைதான் ஆக்டிவும் ஹிஸ்டரியும் டிஸ்க்குக்கு எழுதப்படுகின்றன. இடுகைக்கு ஒரு ஃபைல் என்று வைக்கும் ட்ராட்ஸ்பூல் முறையில், குழுவின் டைரக்டரியில் இருக்கும் மிகப் பெரிய எண்ணையும் ஆக்டிவில் உள்ள உச்ச எண்ணையும் ஒப்பிட்டாலே பிசகு தெரிந்துவிடும்.

எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க, சர்வரோடு நேரடியாகக் கட்டளை பேசும் டெல்நெட் போதும். 119-ஆம் போர்ட்டில் நுழைந்து, சர்வரிலிருந்தே நுழைகிறீர்கள் என்றால் முதலில் மோட் ரீடர் என்று தட்டச்சு செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்களை வாசகராக நடத்தாமல், இடுகை அனுப்பும் பக்கத்து சர்வராக நடத்தும். 200 என்றால் பதிவிடலாம், 201 என்றால் படிக்க மட்டும், 400 என்றால் சேவை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. பிறகு ஒரு குழுவுக்குள் போய் ஒரே இடுகையை இரண்டு வழியில் கேளுங்கள். எண்ணால் கேட்டால் 423 (அந்த எண்ணில் இடுகை இல்லை) வருகிறது, மெசேஜ்-ஐடியால் கேட்டால் 220 வந்து இடுகையும் வருகிறது என்றால் ஓவர்வியூ கெட்டிருக்கிறது. எண்ணால் கிடைத்து, ஐடியால் கேட்கும்போது 430 (அப்படி இடுகை இல்லை) வந்தால் கெட்டது ஹிஸ்டரி. இரண்டிலுமே கிடைக்கவில்லை, ஆனால் ஃபைல் டிஸ்க்கில் இருக்கிறது என்றால் ட்ராட்ஸ்பூல்.மேப் என்ற சின்ன ஃபைலைப் பாருங்கள். குழுவின் பெயருக்கு உள் எண் கொடுப்பது அதுதான். அது தொலைந்தால் இடுகை கிடக்கும் இடத்தைக் குறிக்கும், ஹிஸ்டரியில் உள்ள டோக்கன்கள் எல்லாம் வெறும் எழுத்துகள். சில கிலோபைட் அளவே உள்ள இந்த ஃபைலை பேக்கப்பில் சேர்க்காமல் விடுகிறவர்கள் அதிகம்.

கை வைப்பதற்கு முன் மூன்று வேலை. ஐஎன்என்டியை முழுசாக நிறுத்துங்கள். நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் க்ரானில் உள்ள நியூஸ்.டெய்லி என்ற தினசரிப் பராமரிப்பு வேலையை அணையுங்கள், காரணம் கடைசியில் வருகிறது. டிஸ்க்கே சந்தேகமாக இருந்தால், அதாவது கர்னல் பதிவில் ஐ/ஓ பிழைகள் இருந்தாலோ டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் காத்திருக்கும் செக்டர் எண்ணிக்கை ஏறியிருந்தாலோ, ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். முதலில் டிடிரெஸ்க்யூவால் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு பைட்டும் நஷ்டம்தான்.

ஹிஸ்டரியை அடியோடு கட்டுவதற்கு முன் அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். நல்ல வரியில் சதுர அடைப்புக்குள் 32 எழுத்துகள், பிறகு நேரங்கள், பிறகு டோக்கன் இருக்கும். கரண்ட் போன சர்வரில் கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டோ, வெற்று பைட்டுகளால் நிரம்பியோ கிடக்கும். அந்த வால் மட்டும்தான் கெட்டது என்றால், அதை வெட்டிவிட்டு மேக்டிபிஇசட் கட்டளையால் இண்டெக்ஸை மட்டும் கட்டினால் போதும், சில நிமிட வேலை. வெட்டிய வால் சுட்டிய சில இடுகைகள் மட்டும் ஐடியால் கிடைக்காமல் போகும்.

முழுசாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை முக்கியம்: முதலில் ஆக்டிவ் சரியாக இருக்க வேண்டும், பிறகுதான் ஹிஸ்டரியைக் கட்டும் மேக்ஹிஸ்டரி கட்டளை. பெரிய ஓ (-O) விருப்பத்தோடு ஓட்டினால் ஓவர்வியூவும் சேர்ந்தே உருவாகும். பழைய ஓவர்வியூவை முன்கூட்டியே வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள். புதிய ஹிஸ்டரியை வேறு பெயரில் எழுதச் சொல்லி, இண்டெக்ஸ் கட்டி, எல்லாம் முடிந்த பின் பெயர் மாற்றுங்கள். இது ஒவ்வொரு இடுகையையும் திறந்து படிக்கும். விநாடிக்கு 100 இடுகை என்றால் 10 லட்சத்துக்குக் கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடம் ஆகும். நடுவில் தற்காலிக ஃபைல்களை வரிசைப்படுத்தவும் செய்யும், அதற்கு இடம் இருக்கும் பார்ட்டிஷனைக் காட்டுங்கள். ஒரே ஒரு குழுவில்தான் கோளாறு என்றால், ட்ராட்இண்டெக்ஸ்ட் என்ற வகை ஓவர்வியூவுக்கு டிடிஎக்ஸ்-யூட்டில் கட்டளை அந்தக் குழுவை மட்டும் கட்டித் தரும்.

எல்லாவற்றையும் நியூஸ் என்ற பயனராகச் செய்யுங்கள். ரூட்டாகக் கட்டினால் ஃபைல்கள் ரூட்டுக்குச் சொந்தமாகி, ஐஎன்என்டியால் எழுத முடியாமல் உடனே நிற்கும். மீட்பு வேலையில் அதிகம் நடக்கும் சறுக்கல் இது. இன்செக் கட்டளையை ஓட்டினால் அனுமதிகளைச் சரிபார்த்துச் சொல்லிவிடும்.

"டிஸ்க்கில் இடமில்லை" என்று பதிவில் வந்து, ஆனால் டிஎஃப் காட்டும் கணக்கில் பாதி இடம் காலியாக இருந்தால் குழம்ப வேண்டாம், ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவிடம், தீர்ந்திருக்கும். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஓர் ஐநோடு ஒதுக்கும். 100 ஜிபி பார்ட்டிஷனில் சுமார் 65 லட்சம். ட்ராட்ஸ்பூலில் இடுகைக்கு ஒன்று போகும். பெரும்பாலான இடுகைகள் 4 கிலோபைட்டுக்குள் அடங்குவதால், டிஸ்க் கால்பங்கு நிரம்பும்போதே ஐநோடு முடிந்துவிடும். புதிய டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது நியூஸ் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், 4096 பைட்டுக்கு ஒன்று கிடைக்கும். இதற்காகவே வைத்த பெயர் அது.

விட்டுப்போன இடுகைகளை அண்டை சர்வரிலிருந்து புல்நியூஸ் கட்டளை கொண்டு இழுத்துக்கொள்ளலாம். ஆனால் 10 நாளுக்கு மேல் பழையதை ஐஎன்என் வழக்கமாக மறுத்துவிடும். இந்த நாள் வரம்பைச் சொல்லும் ஆர்ட்கட்ஆஃப் அமைப்பை 0 (வரம்பில்லை) ஆக்கி, வேலை முடிந்ததும் பழையபடி 10 ஆக்கிவிடுங்கள். ஹிஸ்டரியைப் புதிதாகக் கட்டிய சர்வருக்கு, காலாவதியான, ரத்தான இடுகைகளின் நினைவு இருக்காது. அந்த வரம்பைத் திறந்தே விட்டால் ரத்தான பழைய குப்பையெல்லாம் மறுபடி உள்ளே வரும்.

தமிழ்க் குழுக்களுக்கு இன்னொன்று. பழைய இடுகைகள் டிஸ்கி, டேப், டேம் போன்ற 8-பிட் குறியாக்கங்களில் இருக்கும். திறந்தால் கிறுக்கலாகத் தெரிகிறதே என்று ஸ்பூலிலேயே யூனிகோடாக மாற்றிவிடாதீர்கள். ஒரே ஸ்பூலில் பல குறியாக்கங்கள் கலந்திருக்கும். தவறாக மாற்றிய எழுத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. பைட் மாறாமல் நகலெடுங்கள், மாற்றுவதை வேறு பிரதியில் செய்யுங்கள்.

நியூஸ்.டெய்லியைக் கடைசியில்தான் திரும்ப இயக்க வேண்டும், அதற்கு முன் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி செத்துக் கடிகாரம் பின்னோக்கிப் போனால் பெரிய சேதமில்லை. முன்னோக்கிச் சில ஆண்டுகள் தாவியிருந்தால், நியூஸ்.டெய்லி ஓட்டும் எக்ஸ்பயர் நிரல் எல்லா இடுகையையும் காலாவதி என்று எண்ணி ஒரே இரவில் துடைத்துவிடும். பெங்களூர் எஸ்.பி. ரோடில் எந்தக் கடையிலும் அந்த சிஆர்2032 பேட்டரி கிடைக்கும், மாற்றிவிடுங்கள். கடிகாரத்தைச் சரிசெய்யும் க்ரோனி நேரத்தைச் சரியாக வாங்கியிருக்கிறதா, சோதனைக் குழுவில் நீங்கள் இட்ட இடுகை வேறொரு கணினியில் புதிய எண்ணோடு தெரிகிறதா என்று பார்த்து, ஆக்டிவ், குழுக்களின் விளக்கம் இருக்கும் நியூஸ்குரூப்ஸ், ட்ராட்ஸ்பூல்.மேப் மூன்றையும் வேறு சர்வருக்கு நகலெடுத்த பிறகு க்ரானைத் திறந்துவிடலாம்.