கோழி பொரிக்கும் கடைக்கு இன்டர்வியூ போகும் வன்னிப் பிள்ளைகளுக்கு

ஃபாஸ்ட் ஃபூட் கடையில் வேலை எடுப்பது பெரிய பாடில்லை. ஆள் வருவதும் போவதுமாக இருக்கும் தொழில் இது, வருடம் முழுக்க ஆள் தேவை. பாடு மூன்றாம் மாதத்தில்தான் தொடங்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து போய், இரண்டு சம்பளத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிற பிள்ளைகளைக் கேட்டால் கடைசி பஸ், வெட்டுப்பட்ட சம்பளம், தங்குமிடம், கிடைக்காத லீவு என்றுதான் காரணம் சொல்வார்கள். வேலை பழக முடியாமல் வந்தவர்கள் குறைவு. இந்த நான்கையும் இன்டர்வியூ மேசையிலேயே கேட்டுத் தெளிந்திருக்கலாம்.

முதலில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். பெரும்பாலும் அவர் அந்தக் கடையின் மனேஜர். கடையை நடத்திக்கொண்டே, இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி உங்களோடு கதைப்பார். உங்கள் ஆங்கிலத்தை அளப்பது அவருடைய முதல் வேலை அல்ல. சனி, ஞாயிறு பின்னேரம் கடை நிறைந்திருக்கும்போது இந்த ஆள் வந்து நிற்பாரா, சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விடுவாரா என்பதே அவருடைய கவலை. ஆகவே கேள்விகளும் அப்படித்தான் வரும்: எங்கே தங்குவீர்கள், இரவு ஷிப்ட் செய்வீர்களா, எட்டு ஒன்பது மணித்தியாலம் நின்றபடி வேலை செய்ய முடியுமா, எப்போதிலிருந்து வரலாம். “எதுவும் செய்வன் சேர்” என்ற பதில் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எடுபடாது. “கிழமையில் ஆறு நாளும் வரலாம், இரவு பத்து மணிக்குப் பிறகு வீட்டுக்குப் போக வாகனம் வேண்டும்” என்று சொல்பவரை நம்பி ரோஸ்டர் (வேலை நேர அட்டவணை) போடலாம்.

சிங்களம் தெரியுமா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கொழும்புக் கடையில் கவுண்டரில் நிற்க சிங்களம் வேண்டும், கிச்சனுக்குக் கொஞ்சம் போதும். தெரியும் என்று சொல்லிவிட்டு முதல் நாளே கவுண்டரில் முழிப்பதைவிட, “விளங்கும், கதைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், முதலில் கிச்சனில் விடுங்கோ” என்பது மேல்.

படிப்பு முடிந்த பின் இரண்டு மூன்று வருட இடைவெளி இருந்தால் அதை மறைக்கத் தேவையில்லை. கல்யாண வீட்டுச் சமையலில் நின்றது, சந்தைக் கடையில் காசு வாங்கியது, கார்மென்ட்ஸில் லைனில் இருந்தது எல்லாமே இந்த வேலைக்கு அனுபவம்தான். “சமையல் உதவி” என்று ஒரு சொல்லில் முடிக்காமல் எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள், உங்கள் பங்கு என்ன என்று எழுதுங்கள். 300 பேருக்குக் கோழி வெட்டிக் கழுவி மசாலா பிரட்டிக் கொடுத்தவர், கிச்சனுக்கு வேண்டிய கையைக் கொண்டுதான் வருகிறார்.

சில இடங்களில் ஒரு சூழ்நிலையைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அதிகம் வருவது இது: வாடிக்கையாளர் கோழித் துண்டைத் திருப்பிக் கொண்டுவந்து, எலும்போடு இன்னும் வேகவில்லை என்கிறார். வாக்குவாதம் செய்யாமல் மன்னிப்புக் கேட்டு, துண்டை வாங்கி, வேறு கொடுத்து, சூப்பர்வைசருக்குச் சொல்வேன் என்பது பாதிப் பதில். அதே கூடையில் பொரித்த மற்றத் துண்டுகளையும் விற்காமல் நிறுத்தச் சொல்வேன் என்பது மீதிப் பாதி. இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஏன் வேகாமல் போகிறது என்றும் தெரிந்திருந்தால் நல்லது. ஐஸ் முழுதாக இளகாத கோழியைப் போட்டிருப்பார்கள், அல்லது கூடையில் அளவுக்கு மிஞ்சிப் போட்டதில் எண்ணெயின் சூடு இறங்கியிருக்கும். அப்போது வெளிப்பக்கம் வெந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே பச்சையாகவே இருக்கலாம். நடுப்பகுதி 74 பாகை செல்சியஸ் தொட்டிருக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கம்பி வெப்பமானி குத்தித்தான் பார்ப்பார்கள்.

கையையும் பார்ப்பார்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், நகப்பூச்சு, மோதிரம், மணிக்கூடு கூடாது. நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சங்கடம் உண்டு: கோயில் நூல். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்து கட்டிய நூலோடு கிச்சனுக்குள் விடமாட்டார்கள். அது ஈரத்தையும் மாவையும் பிடித்து வைத்திருக்கும், கை கழுவினாலும் போகாது. நூலை அவிழ்க்க மனமில்லை என்றால் கவுண்டர் வேலையாவது கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். மாட்டிறைச்சி தொடமாட்டேன் என்பவர்களும் அன்றே சொல்லிவிட வேண்டும். ஹலால் கிச்சனுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோக முடியாது, வீட்டுச் சோற்றுப் பார்சலும் அதில் அடங்கும்.

ஆவணங்களில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, கிராம அலுவலர் சான்றிதழ், பொலிஸ் நற்சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கிராம அலுவலர் சான்றிதழில் பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் தேவைப்படலாம். பொலிஸ் சான்றிதழ் கைக்கு வர நாளெடுக்கும் என்பதால் இன்டர்வியூவுக்கு முன்பே விண்ணப்பித்து வையுங்கள். பெறுபேற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியில் எடுக்கலாம். உணவைக் கையாளும் வேலை என்பதால் மருத்துவச் சான்றிதழும் வேண்டும், அதற்கு யார் செலவு செய்வது என்று கேளுங்கள். மூலப்பிரதிகளைக் காட்டுங்கள், போட்டோக்கொப்பியை மட்டும் கொடுங்கள். “ஒரு வருடம் நின்றால்தான் சான்றிதழைத் திருப்பித் தருவோம்” என்ற இடத்தில் கையெழுத்து வைக்காமல் எழுந்து வந்தால் நட்டமில்லை. வாட்ஸ்அப்பில் வரும் “பதிவுக் கட்டணம்”, “யூனிபோர்ம் முற்பணம்” எல்லாம் ஏமாற்று வேலை. ஒழுங்கான நிறுவனம் வேலை தர உங்களிடம் காசு வாங்காது. வளைகுடாக் கடைகளுக்கு என்று முகவர் வந்தால் அவருடைய அனுமதி இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்டுப் பார்த்த பிறகே கடவுச்சீட்டைக் கையில் கொடுக்கலாம்.

இனிச் சம்பளம். இங்கேதான் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. “சம்பளம் கேட்டால் வேலை தரமாட்டினம்” என்று வீட்டிலும் சொல்லி அனுப்புகிறார்கள். அது பிழை.

தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. “எல்லாம் சேர்த்து 45,000 வரும்” என்று சொன்னால், அதில் அடிப்படை எவ்வளவு, மேலதிக நேரம் எவ்வளவு, வருகைக் கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வருகைக் கொடுப்பனவு ஒரு நாள் வராவிட்டாலே முழுதாக வெட்டுப்படக்கூடியது, அதை நம்பி வீட்டுக்கு அனுப்பும் காசைக் கணக்குப் போடக் கூடாது. அடிப்படை 30,000 என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், 2,400 ரூபா கழியும். முதலாளி தன் பங்கு 12 வீதமாக 3,600 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமாக 900 ரூபாவும் போட வேண்டும். அந்த 900 உங்கள் சம்பளத்தில் கழிந்திருந்தால் அது சட்டவிரோதம். பயிற்சிக் காலம், தகுதிகாண் காலம் என்றாலும் முதல் நாளிலிருந்தே இவை கட்டப்பட வேண்டும், “ஆறு மாதம் போகட்டும்” என்பது சாக்கு.

மேலதிக நேரத்துக்கு மணிக்கூலியின் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை எத்தனை மணித்தியாலத்தால் பிரித்து அந்த மணிக்கூலியைக் கணிக்கிறார்கள் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. 30,000 ஐ 240 ஆல் பிரித்தால் ஒரு மணித்தியால ஓ.டீ. 187 ரூபா 50 சதம், 200 ஆல் பிரித்தால் 225 ரூபா. எந்தக் கணக்கு என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கல்லாவில் காசு குறைந்தால் யார் தலையில் விழும், சப்பாத்துக்கும் யூனிபோர்முக்கும் கழிப்பார்களா, இரண்டு மூன்று மணித்தியால “ட்ரயல்” வேலைக்குக் காசு உண்டா என்பவையும் இதோடு கேட்க வேண்டியவை.

பஸ் கணக்கை வெளிக்கிட முன்பே போடுங்கள். கடை பத்து மணிக்குப் பூட்டினால் வேலை பத்துக்கு முடியாது. எண்ணெய் வடித்து, பிரையர் கழுவி, தரை தேய்த்து வெளியே வர பதினொன்று, பன்னிரண்டு ஆகும். ஏ9 வீதியில் கொழும்பு யாழ்ப்பாணம் பஸ் இரவிலும் ஓடும். ஆனால் மாங்குளம் சந்தியில் இறங்கினால் ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுப் பக்கம் போக விடியும் மட்டும் பார்த்திருக்க வேண்டும். ஆகவே வவுனியாவில் வேலை என்றாலும் தினமும் போய்வருவது எல்லோருக்கும் சரிவராது. தங்குமிடம் தருவார்களா, அறைக்கு எத்தனை பேர், வாடகை கழிப்பார்களா, பூட்டுகிற ஷிப்ட்டுக்குப் பிறகு பெண் பிள்ளைகளை யார் கொண்டுபோய் விடுவது என்று பெற்றோர் கேட்டால் மனேஜர் கோபிக்க மாட்டார். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் லீவு கிடைக்குமா? பண்டிகை நாள்தான் கடைக்கு வியாபாரம், எல்லோருக்கும் தரமாட்டார்கள். “பொங்கலுக்கு வேண்டும், கிறிஸ்மஸ், சித்திரை வருடப்பிறப்புக்கு நான் நிற்கிறேன்” என்று மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துவரும். கொழும்பில் மற்றவர்கள் ஊருக்குப் போகும் நாளில் நிற்கும் ஆளுக்கு நல்ல மதிப்பு.

எடுத்துவிட்டோம் என்று சொன்னதும் நியமனக் கடிதம் கேளுங்கள். பதவி, தொடங்கும் திகதி, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம், லீவு, தகுதிகாண் காலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் ஒரு இரவு வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிப்பித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லலாம். வெற்றுத்தாளிலோ திகதி போடாத இராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்து வைக்காதீர்கள். சம்பளச் சீட்டுகளை மாதம் தவறாமல் சேர்த்து வையுங்கள். சேமலாப நிதி கட்டப்படவில்லை என்று பிறகு தொழில் அலுவலகத்தில் முறையிடப் போனால் முதலில் கேட்பது அந்தச் சீட்டுகளையும் நியமனக் கடிதத்தையும்தான்.