மூலமா, வேறொன்றா? வலி சொல்லும் சேதி

“எனக்கு மூலம், மருந்து மட்டும் எழுதிக் கொடுங்கள்” என்றபடி வருபவர்களைப் பரிசோதித்தால், பலருக்கு இருப்பது மூலமாக இருப்பதில்லை. பரிசோதனைக்கே சம்மதிக்காமல் எழுந்து போகிறவர்களும் உண்டு. கூச்சம் புரிகிறது. ஆனால் அந்தக் கூச்சத்தால் வீணாகும் மாதங்கள்தான் கவலை தருகின்றன.

ஆசனவாய்க்குச் சற்று உள்ளே, இரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசுக்கள் நம் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. வாயுவும் மலமும் கசியாமல் தடுப்பதில் அவற்றுக்கும் பங்கு இருக்கிறது. நாள்பட்ட மலச்சிக்கல், முக்கி மலம் கழிக்கும் பழக்கம், கர்ப்பகாலம், ஓயாத வயிற்றுப்போக்கு, கைபேசியோடு கழிப்பறையில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றால் அழுத்தம் கூடுகிறது. வயதாக ஆக, தாங்கிப் பிடிக்கும் இழைகளும் தளர்கின்றன. அந்தத் திசுக்கள் வீங்கிக் கீழே சரியும்போதுதான் அதை மூல நோய் என்கிறோம்.

ஆசனக் குழாயின் நடுவே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அதற்கு மேலே வலியை உணரும் நரம்புகள் இல்லை. கீழே தோலில் இருப்பதைப் போலவே கூர்மையாக வலிக்கும். கோட்டுக்கு மேலே வருவது உள்மூலம், கீழே வருவது வெளிமூலம். எனவே உள்மூலத்தின் முதல் அடையாளம் வலியில்லாத இரத்தப்போக்கு. மலம் கழித்து முடிக்கும்போது பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டும், சிலருக்குப் பீய்ச்சியடிக்கும். வலியே இல்லாததால் பலரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். மெல்ல மெல்ல இரத்தம் இழந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் அளவுக்கு இரத்தசோகை முற்றிய பிறகு வருபவர்களும் உண்டு.

உள்மூலத்தை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறோம். இரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டாம் நிலை. விரலால் தள்ளினால்தான் போகும் என்றால் மூன்றாம் நிலை. தள்ளியும் போகாவிட்டால் நான்காம் நிலை.

வெளிமூலம் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். அதற்குள் இரத்தம் உறைந்துவிட்டால் மட்டும் திடீரென நீலம் பாய்ந்த கட்டி தோன்றி, உட்காரவே முடியாமல் வலிக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் கடுமை. அதற்குள் வந்தால் சிறிய அறுவையில் உடனே நிம்மதி கிடைக்கும். நாள் கடந்து, வலி தணியத் தொடங்கியிருந்தால், கட்டி தானாகக் கரைய விட்டுவிடுவதே நல்லது.

மலம் கழிக்கும்போது கிழிப்பது போல வலித்து, அதன் பிறகும் மணிக்கணக்கில் எரிந்தால், அநேகமாக அது ஆசனவாய் வெடிப்பு. விண்விண்ணென்ற வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் சீழ்க்கட்டி. அதை அன்றே காட்ட வேண்டும். அருகில் சிறு துளை வழியே சீழ் கசிந்துகொண்டே இருந்தால் பவுத்திரம். இவை எதற்கும் மூலக் களிம்பு தீர்வாகாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தடவினால் தோலே மெலிந்துவிடும்.

மூலம் புற்றுநோயாக மாறாது. ஆனால் மூலம் இருப்பவருக்கும் குடல் புற்றுநோய் வரலாம், அதுவும் இரத்தமாகத் தலைகாட்டலாம். மலத்தோடு கலந்த கருஞ்சிவப்பு இரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம், காரணமில்லாத எடைக்குறைவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அல்லது வயது 45-ஐக் கடந்திருந்தாலும், ‘மூலம்தான்’ என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, தேவையா என்று கேளுங்கள். வெளியே வராத உள்மூலம் மிருதுவானது, விரலுக்கும் பெரும்பாலும் தட்டுப்படாது. சிறு குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்தால்தான் தெரியும். சில நிமிட வேலை அது.

பெரும்பாலோருக்கு அறுவை தேவைப்படுவதில்லை. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து, போதிய தண்ணீர், முக்காமல் சில நிமிடங்களில் எழுந்துவிடும் பழக்கம், வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம் அமர்வது ஆகியவையே தொடக்க நிலைக்குப் பல நேரங்களில் போதும். அதற்கும் அடங்காவிட்டால், மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் மாட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்துகிறோம். சில நாட்களில் அது உதிர்ந்துவிடும். மூன்றாம் நிலையில் பெரிதாக இருப்பவர்களுக்கும் நான்காம் நிலைக்கும்தான் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை.

வளையம் போடுவதற்கு முன், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். போட்ட பிறகு ஒரு வாரம், பத்து நாளில் சிறிது இரத்தம் கசிவது இயல்பு. ஆனால் காய்ச்சல் வந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.