5.77 சதவீதம் எங்கிருந்து வருகிறது? ஈடுசெய் வரியின் கணக்கு

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இந்திய இறாலுக்கு அமெரிக்கா 2024 கடைசியில் 5.77 சதவீதம் ஈடுசெய் வரி போட்டதே, அந்த எண் எப்படி வந்தது? ஏன் 5 இல்லை, 6 இல்லை? அரசு கொடுக்கும் மானியத்தை இரண்டு தசம இடம் வரைக்கும் துல்லியமாக அளக்க முடியுமா?"

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ஏற்றுமதி செய்யும் நாட்டு அரசு கொடுத்த மானியத்தை ஈடுகட்ட, இறக்குமதி செய்யும் நாடு போடும் கூடுதல் வரிதான் ஈடுசெய் வரி. சுருக்கமான பதில்: வகுத்தல் துல்லியமானதுதான், ஆனால் வகுக்கப்படும் எண்ணுக்கு அடியில் யாரோ தேர்ந்தெடுத்த ஒரு அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோல் எப்படித் தேர்வாகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சட்டத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து 1995-இல் நடைமுறைக்கு வந்த மானிய ஒப்பந்தத்தின்படி இந்த வரியைப் போடச் சில நிபந்தனைகள் உண்டு. அரசோ அரசு அமைப்போ பணமாகவோ கடனாகவோ வரியை விட்டுக்கொடுத்தோ பொருளாகவோ ஏதாவது தந்திருக்க வேண்டும். அதனால் வாங்கியவருக்கு ஆதாயம் இருக்க வேண்டும். அது எல்லாருக்கும் பொதுவானதாக இல்லாமல் குறிப்பிட்ட தொழிலுக்கோ நிறுவனத்துக்கோ போயிருக்க வேண்டும். ஏற்றுமதி செய்தால்தான் கிடைக்கும் என்றால் இந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடும், இறால் வழக்கில் பேசப்பட்டவை பெரும்பாலும் இந்த வகைதான். இதெல்லாம் போக, இறக்குமதி செய்யும் நாட்டின் தொழிலுக்குப் பாதிப்பு என்றும் காட்ட வேண்டும். 2013-இல் இதே இந்திய இறால் மீது வந்த வழக்கு அந்தக் கடைசிப் படியில்தான் விழுந்தது: மானியம் இருப்பதாக அமெரிக்க வணிகத் துறை சொன்னது, அங்குள்ள தொழிலுக்குப் பாதிப்பு இல்லை என்று வேறொரு ஆணையம் சொன்னது, வரி இல்லாமல் போனது. மானியம் 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் (வளரும் நாடுகளுக்கு 2 சதவீதம் வரை) வழக்கை மூடிவிட வேண்டும்.

சதவீதம் எப்படி வருகிறது? கிடைத்த ஆதாயத்தை விற்பனையால் வகுத்தால் வருகிறது, அவ்வளவுதான். விற்பனைத் தொகை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஆதாயம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அரசுக்கு எவ்வளவு செலவானது என்பது கேள்வியே இல்லை. 1999-இல் கனடா விமான வழக்கில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: சந்தையில் போய் வாங்கியிருந்தால் இருந்திருக்கும் நிலையைவிட, வாங்கியவர் இப்போது மேலான நிலையில் இருக்கிறாரா என்று பார். 5 சதவீத வட்டிக்குப் பணம் திரட்டும் ஒரு அரசு அதையே 6 சதவீதத்துக்கு ஆலைக்குக் கடன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுக்கு லாபம். ஆனால் அந்த ஆலைக்கு வங்கி 9 சதவீதம் கேட்டிருக்கும் என்றால் 3 சதவீதம் ஆதாயம், அதுதான் மானியம். ஆக, மானியம் என்பது நடந்த ஒன்றுக்கும் நடக்காத ஒன்றுக்கும் உள்ள இடைவெளி. நடக்காததை அளக்க எங்கே போவது?

வங்கி வட்டி என்றால் பக்கத்து வங்கியைக் கேட்கலாம். அரசு விற்பது மரமாக இருந்தால்? அதுவும் கிட்டத்தட்ட எல்லா மரமும் அரசுடையதாக இருந்தால்?

இதற்கு உலகிலேயே நீண்ட உதாரணம் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடக்கும் மென்மர (பைன் போன்ற ஊசியிலை மரங்கள்) சண்டை. 1982-இல் ஆரம்பித்தது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சுமார் 94 சதவீத நிலம் மாகாண அரசுடையது. மரம் வெட்டும் நிறுவனம் நிற்கும் மரத்துக்கு அரசிடம் ஒரு கட்டணம் கட்டுகிறது, ஸ்டம்பேஜ் என்பார்கள். அமெரிக்காவில் பெரும்பங்கு மரம் தனியார் நிலத்திலிருந்து வருகிறது, அதற்கு ஏலத்திலும் பேரத்திலும் விலை படிகிறது. அமெரிக்க மர ஆலைகளின் புகார்: கனடா அரசு மரத்தை மலிவாகக் கொடுக்கிறது. 1983-இல் அமெரிக்க வணிகத் துறை, இந்தக் கட்டணம் பல தொழில்களுக்கும் பொதுவானது, மானியம் இல்லை என்றது. 1986-இல் அதே துறை முதல்கட்ட முடிவில் 15 சதவீதம் மானியம் என்றது. 1992-இல் 6.51. 2002-இல் 18.79. 2025 ஆகஸ்டில் 14.63. டம்பிங் எதிர்ப்பு வரி (நியாய விலைக்கும் குறைவாக ஏற்றுமதி செய்வதற்குப் போடுவது) 20.56 தனி. இடையில் மாகாணங்கள் கட்டண முறையை மாற்றியதும் உண்டு, அதற்காக எண் இப்படித் தாவாது. தாவுவதற்குக் காரணம் அளவுகோல்.

ஒரு ஊரில் பத்தில் ஒன்பது வீடு ஒருவருக்கே சொந்தம், அவர் குறைந்த வாடகைக்கு விடுகிறார் என்றால் பத்தாவது வீட்டுக்காரர் மட்டும் அதிகம் கேட்க முடியாது. அப்போது பத்தாவது வீட்டின் வாடகையைக் காட்டி "பாருங்கள், சந்தை விலையே இதுதான்" என்றால் எப்படி? கனடாவுக்குள்ளேயே இருக்கும் தனியார் மர விலையை அமெரிக்கா நிராகரித்தது இந்த வாதத்தில்தான். 2004 ஜனவரியில் மேல்முறையீட்டு அமைப்பு இதைக் கொள்கையளவில் ஏற்றது. அரசின் பிடி விலையையே கோணலாக்கியிருந்தால் வெளியே போய் அளவுகோல் தேடலாம், ஆனால் அது அந்த நாட்டின் சந்தை நிலைமையோடு பொருந்தும்படி சரிசெய்யப்பட வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். கஷ்டம் முழுக்க அந்த "பொருந்தும்படி" என்பதில் இருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு அளவுகோல் எல்லைக்கு அந்தப்புறம் உள்ள வாஷிங்டன் மாநிலத்து மர விலை. மர வகை வேறு, மலைச்சரிவு வேறு, ஆலைக்குத் தூரம் வேறு. அதெல்லாம் இருக்கட்டும். அங்கே கட்டையை விற்பது போர்டு அடிக் கணக்கில், கனடாவில் கன மீட்டரில். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்ற வேண்டும். அடி, மீட்டர் விவகாரம்தானே, எட்டாம் வகுப்புக் கணக்கு என்று தோன்றும். இல்லை! இந்த வழக்கிலேயே என்னை அதிகம் கவர்ந்த இடம் இதுதான்.

ஒரு போர்டு அடி என்பது 1 அடி நீளம், 1 அடி அகலம், 1 அங்குலம் தடிமன் உள்ள பலகை. 1000 போர்டு அடிப் பலகையைக் கெட்டியாக அடுக்கினால் 2.36 கன மீட்டர். ஆனால் சந்தையில் விற்பது பலகை அல்ல, உருண்டைக் கட்டை. "இந்தக் கட்டையை அறுத்தால் எத்தனை போர்டு அடி தேறும்?" என்று முன்கூட்டியே சொல்ல ஒரு விதி தேவை. 1846-இல் ஸ்கிரிப்னர் என்பவர் அதை வரைந்தே கண்டுபிடித்தார். ஒவ்வொரு விட்டத்துக்கும் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் 1 அங்குலப் பலகைகளை வரைந்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ரம்பம் தின்னும் கால் அங்குலத்தை விட்டு, எண்ணிப் பட்டியல் போட்டார். அழகான வேலை, இன்றும் அந்தப் பட்டியல் புழக்கத்தில் இருக்கிறது.

இதில் வடிவியல் ஒரு வேலை செய்கிறது. வட்டத்துக்குள் பலகைகளை அடுக்கும்போது ஓரத்தில் வளைந்த துண்டுகள் வீணாகும். அந்த ஓர வீண் சுற்றளவைப் பொறுத்தது, அதாவது விட்டத்தோடு சேர்ந்து வளரும். மரத்தின் மொத்த அளவோ விட்டத்தின் வர்க்கத்தோடு வளரும். அதனால் கட்டை சிறுக்கச் சிறுக்க, வீணாகும் பங்கு கூடிக்கொண்டே போகும். அப்புறம், இந்த விதி கட்டையின் சிறிய முனையை மட்டும்தான் அளக்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் 40 அடி வரை உள்ள கட்டையைக்கூட ஒரே உருளையாக எடுத்துக்கொள்வார்கள், அடிப்பக்கம் பருத்திருப்பது கணக்கிலேயே வராது. ஆகவே 1000 ஸ்கிரிப்னர் போர்டு அடி என்பது எத்தனை கன மீட்டர் கட்டை என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. தடித்த கட்டை என்றால் 4.5 பக்கம் வரும், மெலிந்த கட்டை என்றால் 6-ஐயும் தாண்டலாம்.

இது வரியை என்ன செய்யும்? நானே ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். வாஷிங்டனில் 1000 போர்டு அடி 600 டாலர். கனடா ஆலைக்கு அரசுக் கட்டணம், வெட்டுக்கூலி, லாரிச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு கன மீட்டர் 95 டாலருக்கு அடங்குகிறது. மாற்று எண் 4.5 என்றால் அளவுகோல் விலை கன மீட்டருக்கு 133 டாலர், ஆதாயம் 38. மாற்று எண் 6 என்றால் விலை 100, ஆதாயம் 5. மரமும் அதே, ரசீதும் அதே, மானியம் மட்டும் ஏழு மடங்குக்கு மேல் மாறிவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில் மெலிந்த மரம்தான் அதிகம், அதனால் எந்தக் கட்டைகளை அளந்து மாற்று எண்ணை எடுப்பது என்பதில் இரு தரப்பும் விடாப்பிடியாக நிற்பது புரிகிறது.

அளவுகோல் பிரச்சினையில் உயிரியலும் வந்தது. மலைப் பைன் வண்டு என்று 5 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு பூச்சி, பைன் மரப்பட்டைக்கு அடியில் முட்டையிடும். அதன் புழுக்கள் குளிர்காலத்தில் உடம்பில் கிளிசரால் சேர்த்துக்கொண்டு உறையாமல் தப்பிக்கும். அவற்றைக் கொல்ல மைனஸ் 40 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். குளிர்காலங்கள் இளகியதும் வண்டு பெருகி 1.8 கோடி ஹெக்டேருக்கும் மேல் காட்டைத் தாக்கியது. வண்டோடு வரும் பூஞ்சை மரத்தை நீலமாக்கும், செத்த மரம் காய்ந்து முறுக்கிப் பிளக்கும். அப்படிப் பிளந்த கட்டை நான்காம் தரம், கன மீட்டருக்கு வெறும் 25 சென்ட். ஈடுசெய் வரிக்குப் பதிலாக 2006-இல் ஏற்பட்ட உடன்பாடு அமலில் இருந்த காலம் அது. நல்ல மரத்தையும் நான்காம் தரமாகக் காட்டி மறைமுக மானியம் தருகிறார்கள் என்று அமெரிக்கா லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போனது, 2012 ஜூலையில் தோற்றது. பிளந்த மரம் உண்மையிலேயே பிளந்த மரம்தான் என்பதை வர்த்தக வழக்கறிஞர்கள் வாதாடி நிறுவ வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் அடியில் இன்னும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பிளஸ் ஒன் பொருளியலில் ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு படித்திருப்பீர்கள்: தானிய விலை உயர்வதால் நில வாரம் (நிலத்துக்குக் கொடுக்கும் வாடகை) உயர்கிறது, வாரம் உயர்வதால் விலை உயர்வதில்லை. கனடாவின் வாதமும் இதுதான். ஓராண்டில் எவ்வளவு வெட்டலாம் என்று அரசு வரம்பு போட்டுவிட்டால், கட்டணம் கூடினாலும் குறைந்தாலும் சந்தைக்கு வரும் மரத்தின் அளவு மாறாது, பலகை விலையும் மாறாது. லாபம் அரசுக்கா ஆலைக்கா என்பது மட்டும் மாறும். எனக்கு இதில் பாதி சரி. பிரிட்டிஷ் கொலம்பியா கட்டையை அறுக்காமல் வெளிநாட்டுக்கு விற்பதைக் கட்டுப்படுத்துகிறது, அது உள்ளூர் ஆலைக்குக் கட்டையை மலிவாக்குகிறது, அங்கே உண்மையான கோணல் இருக்கிறது. ஆனால் மானியம் சந்தையில் என்ன விளைவை ஏற்படுத்தியது என்று பார்க்கத் தேவையில்லை என 1994-இல் அமெரிக்கா தன் சட்டத்திலேயே எழுதிக்கொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. விளைவை அளக்காத கணக்கில் இரண்டு தசம இடம் எதற்கு?

2020 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு பெரும்பாலான விஷயங்களில் கனடா பக்கம் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்கும் அமைப்போ, புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால், 2019 டிசம்பரிலிருந்தே செயல்பட முடியாமல் கிடக்கிறது. தீர்ப்பு அமலுக்கு வராமல் அந்தரத்தில் நிற்கிறது.

முதலில் சொன்ன மானிய ஒப்பந்தத்தில் ஆரம்பத்தில் 8-ஆம் பிரிவு என்று ஒன்று உயிரோடு இருந்தது. தொழில்துறை ஆராய்ச்சிச் செலவில் 75 சதவீதம் வரைக்கும் அரசு கொடுத்தாலும், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால், அதன்மேல் யாரும் ஈடுசெய் வரி போட முடியாது என்றது அது. ஐந்தாண்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தார்கள், நீட்டிக்க உறுப்பு நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை, 1999 முடிவோடு காலாவதியானது. அதோடு, ஒரு குறிப்பிட்ட தொழிலின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் எந்த அரசும் வழக்குக்கு ஆளாகலாம் என்ற நிலை வந்துவிட்டது. இறால் நோய் ஆராய்ச்சியும் பைன் வண்டு ஆராய்ச்சியும் ஒரு ஆலையின் லாபத்தோடு முடிந்துபோகிற விஷயமல்ல. அந்த அறிவு எல்லை தாண்டி எல்லாருக்கும் போகிறது. அந்தப் பிரிவை இந்தியா உட்பட வளரும் நாடுகள் சேர்ந்து மறுபடி கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து, இந்த முறை காலக்கெடு இல்லாமல்.